இரண்டு ஊருக்கு நடுவில் விடுபட்ட ஊசி

அனுப்புநர்:
சு. மகாராஜன்,
விசைத்தறித் தொழிலாளி,
சங்கரன்கோவில்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் போட வேண்டிய ஊசி – என் கொழுந்தியாள் கோகிலாவுக்குக் கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி வள்ளித்தாய்க்கு ரத்த வகை நெகட்டிவ், எனக்குப் பாசிட்டிவ். வழக்கப்படி தலைப்பிரசவம் அவள் தாய் வீட்டில். குழந்தை பாசிட்டிவ் என்பதால் மூன்று நாளைக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட்டிருக்க வேண்டும். "ஊருக்குப் போயி போட்டுக்கிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் அங்குள்ள செவிலியர். "அங்கனயே போட்டிருப்பாங்கன்னுல்லா இருந்தேன்" என்றார் எங்கள் பகுதிச் செவிலியர். இருவரும் நல்லவர்கள். பெயர் சொல்லிப் புகார் செய்ய எனக்கு மனமில்லை.

2. இரண்டாவது கர்ப்பத்தில், ஆறாம் மாத ஸ்கேனில், குழந்தையின் வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் நீர் கோத்திருந்தது. வள்ளித்தாய் அதிகம் தண்ணீர் குடித்ததுதான் காரணம் என்று வீட்டில் பேசினார்கள். அவளும் பயந்துபோய்த் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்தாள். இதயக் கோளாறு, தொற்று, பிறவிக் குறை என இதற்குப் பல காரணங்கள் உண்டாம். எங்களுக்கு ரத்தம்தான் காரணம் என்று மதுரை மருத்துவர் கண்டுபிடித்தார். அந்த ஊசி போடாததால், முதல் பிரசவத்தில் தன்னுள் கலந்த குழந்தையின் ரத்தத்தை எதிர்க்கத் தாயின் உடம்பு பழகிவிட்டது. அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களையும் அது அழிக்க, சோகை பிடித்து, இதயம் களைத்து, நீர் சேர்ந்துவிட்டது. என் ரத்த வகையைக் கொண்டதைத் தவிர அந்தச் சிசு ஒரு தப்பும் செய்யவில்லை.

3. ஐயா, இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. தாயின் வயிறு வழியாக ஊசி செலுத்தி, இழை போலத் தெரிந்த தொப்புள்கொடி நரம்பில், யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். பதினைந்து வருடமாகத் தறியில் அறுந்த இழைகளைப் பிணைப்பவன் நான். திரையில் அந்த இழையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை ஏற்றிய பிறகு நீர் வடிந்தது. அந்தக் குழந்தை ஸ்ருதிக்கு இப்போது ஐந்து மாதம். குப்புற விழுந்து சிரிக்கிறாள்.

4. கோகிலாவுக்கும் நெகட்டிவ்; அவள் கணவருக்குப் பாசிட்டிவ். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் ஏழு நாள்தான். கர்ப்பப் பதிவு கணவர் ஊரில் இருப்பதால் ஊசியும் அங்கேதான் என்கிறார்கள், தாய் வீட்டு ஊர்ச் சுகாதார நிலையத்தில்.

5. எனவே, பெண் எந்த ஊரில் பிள்ளை பெறுகிறாளோ அந்த ஊரில் ஊசி இருக்கவும், அவளுடைய கர்ப்பகால அட்டையின் முகப்பில் ரத்த வகையைச் சிவப்பு மையில் எழுதவும் உத்தரவிட வேண்டுகிறேன். நாங்கள் கண்ட அதிசயத்தைக் கோகிலா காண வேண்டாம். அவளுக்குச் சாதாரணமாக ஒரு குழந்தையும், பிறகு சாதாரணமாக இன்னொன்றும் பிறந்தால் போதும்.

இணைப்பு: ஸ்கேன் நகல்கள் (நீர் கோத்தபோதும், வடிந்த பிறகும்).

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 12.03.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சு. மகாராஜன்