பிரிட்ஜில் செத்த பலாக்கொட்டை

ஜூன் 4
கணவனை விட்டு வந்தவள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து வனத்துறைத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்றால் தெருவுக்கே சிரிப்பு. சிரிக்கட்டும். இன்றைய பாடம் 'வெளியிடப் பாதுகாப்பு': செடியையோ விலங்கையோ அதன் காட்டிலேயே காக்க முடியாதபோது வேறிடத்தில் வைத்துக் காப்பது. உயிரியல் பூங்கா, தாவரத் தோட்டம், விதை வங்கி. மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். செய்தே பார்க்கப்போகிறேன்.

ஜூன் 7
மிளகாய், தக்காளி, பலா. மூன்று விதையையும் மொறுமொறுவென்று காயவைத்து, டப்பாவில் அடைத்து பிரிட்ஜில் வைத்தேன். என் விதை வங்கி! பலாக்கொட்டையைக் குழம்பில் போட அண்ணி கை நீட்டினாள்.
"அண்ணி, அது பாடம்."
"பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வை, பால் வைக்க இடமில்ல."

ஜூன் 28
சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான். "மாப்பிள்ளை பேசினாரு. இந்தத் தடவையும் பாஸாகலேன்னா நீ திரும்பிப் போயிடு. உன் பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."
அவரை விட்டு வந்த அன்று என் கன்னம் எப்படி வீங்கியிருந்தது என்று பார்த்தவன் இவன். பார்த்தும் சொல்கிறான் — பாதுகாப்பாம்!

ஜூன் 29
போகமாட்டேன்.

ஜூலை 26
டப்பா விதைகளைத் தொட்டியில் ஊன்றியிருந்தேன். மிளகாய் முளைத்தது, தக்காளி முளைத்தது. பலாக்கொட்டையைத் தோண்டினால் கொழகொழ. புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: சில விதைகளைக் காயவைத்துக் குளிரில் வைத்தால் செத்துவிடும், மண்ணில் வளர்த்துத்தான் காக்க முடியும். பக்கத்தைப் புரட்டாமலே வங்கி திறந்த புத்திசாலி நான்.
"ஒரு கொட்டையைக் காப்பாத்தத் தெரியல, காட்டைக் காப்பாத்தப் போறியா?" என்று அண்ணன் சிரித்தான். ஆத்திரத்தில் அழுதேன். அழுதுகொண்டே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆகஸ்ட் 17
தேர்வு. 'எல்லா விதைகளையும் விதை வங்கியில் சேமிக்க இயலுமா? காரணம் தருக.' பழம் நழுவிப் பாலில் விழுந்தது! கை வலிக்க எழுதினேன்.

டிசம்பர் 2
தேறிவிட்டேன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான் அண்ணன். வந்ததும், "காடெல்லாம் வேணாம். ஆபீஸ் வேலையா கேளு, வீட்டுலேர்ந்தே போய் வரலாம்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி குரல்: "அவளைக் காயவச்சு டப்பாவுல போட்டது போதும், விடுங்க."
காடுதான் கேட்டேன்.

ஏப்ரல் 11
வனத்துறை கொடுத்த காட்டோரக் குடியிருப்பு. அண்ணி கொடுத்தனுப்பிய பலாக்கொட்டையை ஈரம் காயுமுன்னே வாசலருகே ஊன்றியிருந்தேன். இன்று முளை தெரிகிறது. சாயங்காலம் அண்ணன் போன்.
"எப்பம்மா வீட்டுக்கு வருவே?"
"வீட்டுலதாண்ணா இருக்கேன். நீதான் வரணும், விருந்தாளியா."