தெய்வாதீனமாக ஒன்பதாம் நம்பரில்

ஜூன் 12, வியாழன்

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இன்று பத்தொன்பது பேர், எல்லோருமே வந்துவிட்டார்கள். நான் சூப்பர்வைசராகிப் பதினோரு மாதம். இந்தத் தேயிலை எஸ்டேட் டிவிஷனில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். அதனால் என் சூப்பர்வைசர் குடை விரிந்தாலும் பேச்சு, மடங்கினாலும் பேச்சு.

சாயங்காலம் தெய்வாதீனமாக ஒரு மணி நேரம் வெயில் அடித்தது. நாலு நாள் ஈரத் துணி காய்ந்தது. இதைச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் நல்லமுத்து சிரித்தார். "துணி காயறதுக்கெல்லாமா சாமியக் கூப்புடுவ? அதுக்கு வேற சோலி கெடக்கும் புள்ள." கிடக்கட்டும். விருந்தாளி கிளம்பும்வரை கேஸ் தீராவிட்டால் தெய்வாதீனம், வண்டிப்பெரியாறு பஸ் நம்மைக் கண்டு நின்றால் தெய்வாதீனம். எனக்கு அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது.

ஜூன் 18, புதன்

மேல் ரோடு வழியாகத்தான் ஆட்களைத் தேயிலைக் காட்டுக்குள் இறக்க வேண்டும். அது சட்டம். ஆனால் மேல் ரோடு சுற்றினால் இருபத்தைந்து நிமிஷம். கீழ்ப் பாதையில் ஏறினால் பத்து. "எம் முட்டிய மாதாதான் காப்பாத்தணும்" என்று கொழுந்தெடுக்கும் சிசிலி தினமும் புலம்புகிறாள். இன்று கீழ்ப் பாதையில் கூட்டிப் போனேன். எல்லோருக்கும் சந்தோஷம். மனசு இளகியதா, நல்ல பேர் வாங்கும் ஆசையா? இரண்டும்தான்.

ஜூன் 24, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். முதலில் இதை எழுதிக்கொள்கிறேன். அந்தப் பத்தொன்பது பேரும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

எட்டாம் நம்பர் காட்டில் கொழுந்தெடுக்க உத்தரவு. கீழ்ப் பாதையில்தான் போனோம். மூடுபனியில் முன்னே போகிறவள் முதுகு தெரியவில்லை. ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பிவிட்டேன். எட்டு என்று நினைத்து ஒன்பதில் ஆளை இறக்கினேன்.

"மருந்து வாசம் அடிக்குதே மாரி" என்றாள் சிசிலி. "பக்கத்துக் காட்டுல இருந்து காத்துல வரும், எடுங்க எடுங்க" என்றேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம். காலடியில் தரை நடுங்கியது. யாரோ என் கையைப் பிடித்தார்கள், யார் என்று இப்போதும் தெரியாது. பனி கொஞ்சம் விலகிப் பார்த்தால் பக்கத்தில் எட்டாம் நம்பர் காடு இல்லை. மேலே ரோடும் பாதி இல்லை. செம்மண், வேரோடு தேயிலைச் செடிகள், தண்ணீர். நாங்கள் நிற்க வேண்டிய இடம்!

அசிஸ்டென்ட் மேனேஜர் பினு சார் ஓடி வந்தார். நாங்கள் எட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அழுதுகொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொருத்தியாகத் தொட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார். "தெய்வாதீனம்... தெய்வாதீனம் சேச்சி" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மலையாளத்திலும் அதே சொல்தான். என் ஆட்களில் ஒருத்தியான ஆனந்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

அம்மா, தாயே.

ஜூன் 26, வியாழன்

எங்கள் லய வீட்டு வரிசையில் யாரைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். "ஒனக்கு ஆத்தா வழி காட்டியிருக்கா" என்கிறார்கள். சிசிலிக்கு மாதா, சபைக்குப் போகும் எப்சிபாவுக்குத் தேவ கிருபை. ஆடி முதல் வெள்ளி பிழைத்தவர்கள் சார்பில் அம்மனுக்குப் பொங்கல். முதல் அடுப்பை நான்தான் பற்றவைக்க வேண்டுமாம். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஏழெட்டுப் பேருக்குக் கை அரிப்பு. எனக்கும்தான்.

ஜூன் 28, சனி

அரிப்புக்கு டிஸ்பென்சரியில் காரணம் எழுதிவிட்டார்கள்: பூச்சி மருந்து. ஒன்பதாம் நம்பரில் நாங்கள் இறங்கியதற்கு முந்தின நாள்தான் மருந்தடித்திருக்கிறார்கள். மருந்தடித்த காட்டின் வாயில், மேல் ரோட்டு ஓரம், சிவப்புக் கொடி நடுவது வழக்கம். கொடியைக் கண்டால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கொடி நடும் ஆள் சுடலைமணி அண்ணன், ஆனந்தியின் புருஷன்.

பினு சார் ஆபீசில் கேட்டார். "சேச்சி, கொடி கண்டோ, இல்லையோ?"

"பாக்கலை சார்."

அவர் எழுதினார்: கொடி இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

பொய்யா சொன்னேன்? பார்க்கவில்லைதானே? கொடி நடும் பக்கமே நாங்கள் போகவில்லை, அதை மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சுடலைமணி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினாலாம் தேதி விசாரணை. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர். இதிலும் குற்றம் என்றால் ஆளையே எடுத்துவிடுவார்கள். ஐம்பத்துநாலு வயதில் வேறு எங்கே போவார்?

பத்தொன்பது பேரில் ஆனந்தியைத் தவிர எல்லோரும் ஆபீசில் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள்: கொடி இல்லை. எந்த வழியாகப் போனோம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. எனக்காக. ஆனந்தி, "எனக்கு நெனவில்ல சார்" என்றாளாம்.

ஜூலை 4, வெள்ளி

கடைக்குப் போகும் வழியில் சுடலைமணி அண்ணன் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா மாரீஸ்வரி, கொடி நட்டேன்மா. சாயங்காலம் அஞ்சு மணி. காத்துக்கு விழுந்துரும்னு சுத்தி கல்லு வச்சு இறுக்கினேன்."

"ஒன்பதாம் நம்பர் வாயும் ரோட்டோட போயிட்டுதே அண்ணே" என்றேன். என் வாய்தான் சொன்னது.

ஜூலை 6, ஞாயிறு

சிசிலி பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் கேட்டுவிட்டேன், இது சரியா என்று.

"நல்லா யோசிச்சுப் பாரு. மேல் ரோட்டுல போயிருந்தா நம்பர் பலகையப் பாத்து ஒழுங்கா எட்டுக்குள்ள எறங்கியிருப்போம். இந்நேரம் மண்ணுக்கடியில கெடப்போம். அந்தாளு கொடி நட்டானோ இல்லையோ, எவங் கண்டான்? உசுரு குடுத்தவளைக் காட்டிக்குடுக்க எங்களுக்கு நாக்கு வருமாட்டி?"

அவள் போன பிறகு அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். தெய்வாதீனம். தெய்வத்தின் கைக்குள் இருப்பது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் எல்லாமே தெய்வாதீனம்தான். ஆனால் நாம் அப்படிச் சொல்வதில்லை. பஸ் கவிழ்ந்தால் "தெய்வாதீனமாகப் பிழைத்தான்" என்போம். "தெய்வாதீனமாகச் செத்தான்" என்று துக்க வீட்டில் சொன்னால் செருப்படிதான் கிடைக்கும். நமக்கு நல்லதாக முடிந்த நேரத்துக்கு மட்டும் வைத்திருக்கிற சொல் இது. எனக்கு நல்லதாக முடிந்தது. சுடலைமணிக்கு?

ஜூலை 9, புதன்

எடை போடும் இடத்தில் ஆனந்தி என்னைப் பார்த்தாள். சாக்கை எடையில் வைத்துவிட்டுப் போனாள். அவளும் எனக்குப் பின்னால் கீழ்ப் பாதையில் ஏறி வந்தவள்தான்.

ஜூலை 13, ஞாயிறு

நல்லமுத்துவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

"நீ சொன்னா ஒன் பதவி போவும். சொல்லலன்னா அவன் வேலை போவும். இதுல சாமி எங்க புள்ள வருது?"

"சாமிதான என்னக் காப்பாத்துச்சு?"

"காப்பாத்துச்சு. யாரு இல்லன்னா? அதுக்காக ஒம் பொய்க்கும் அதுவே காவல் நிக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மனுசனுக்கு என்ன தெரியும், பன்னெண்டு மாசம் எத்தனை பேரு வாயில விழுந்து இந்தக் குடையப் புடிச்சேன்னு! பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொன்னவன் எல்லாம் நாளைக்குச் சிரிப்பான். நான் ஒருத்தி தப்புப் பண்ணினா பின்னால வர்ற பொம்பளைக்கும் சேத்துல்ல கதவடைப்பான்.

அப்படியும் அவர் சொன்னது சரிதான்.

மூடுபனியில் கால் தவறிய திருப்பம் என் கையில் இல்லை, அதற்கு நன்றி சொல்லலாம், சாகும்வரை சொல்வேன். கீழ்ப் பாதையில் ஏறியது நான். மருந்து வாசத்தைக் காற்று என்றது நான். கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு வந்த ஆபீசர், பினு சார், யூனியன் ஆட்கள் இரண்டு பேர், மூலையில் சுடலைமணி அண்ணன். மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "நாங்க மேல் ரோட்டுல போகவே இல்ல சார். கீழ்ப் பாதையில நான்தான் கூட்டிட்டுப் போனேன். கொடி இருந்துச்சா இல்லையான்னு சொல்ல எனக்கு வழியில்ல. வாசம் அடிக்குதுன்னு ஆளுக சொன்னாங்க, நான்தான் கேக்கல."

பினு சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எந்தா சேச்சி இது..." அவ்வளவுதான். சுடலைமணி அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

வெளியே சிசிலி. "எங்க எல்லாரையும் பொய்க்காரி ஆக்கிட்டியே" என்று கையை உதறிக்கொண்டு போனாள். அவள் கோபம் நியாயம்தான். எனக்காக ஆபீசில் போய் நின்றவள்.

ஆனந்தி மட்டும் போகாமல் நின்றாள். "நானே சொல்லியிருக்கணும்க்கா. எங்க வீட்டுக்காரரு சொல்லுன்னு கூடச் சொல்லல; ஒங்க வாயால வரட்டும்னுட்டாரு. எனக்கும் வாய் வரல. ஒங்க பின்னால வந்துதான நான் இன்னிக்கு எம் புள்ளைகளுக்குச் சோறு போடுறேன்." அழுதாள். நானும் அழுதேன். ரோட்டில் நின்று இரண்டு பேரும் அழுதோம்.

ஜூலை 16, புதன்

உத்தரவு வந்துவிட்டது. சுடலைமணி அண்ணன் நாளையே வேலைக்கு. நான் திங்கள் முதல் பழையபடி கொழுந்தெடுக்கும் வேலைக்கு. வேலையை விட்டே அனுப்பவில்லை, வீடும் இருக்கிறது. பினு சார் எனக்காகப் பேசினாராம். அவருக்கு நன்றி. இதை நேரில் சொல்ல வேண்டும்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

பொங்கல் நடந்தது. முதல் அடுப்பைப் பிழைத்தவர்களில் ஒருத்தியான சின்னத்தாய் பற்றவைத்தாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பின்னால் நின்று கும்பிட்டேன். ஜூன் இருபத்துநாலுக்குப் பிறகு அம்மன் முகத்தை இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். உயிரோடு இருக்கிறேன், தாயே. இருபது பேரும் இருக்கிறோம். அதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூலை 21, திங்கள்

மறுபடியும் கொழுந்துக்குப் போன முதல் நாள், பதினாலு கிலோ. கொழுந்து வெட்டும் கத்திரி பிடித்த கை முழுக்கக் கொப்புளம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது சூப்பர்வைசர் மேல் ரோடு வழியாகத்தான் கூட்டிப் போகிறார். சிசிலி முட்டியைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள். இரண்டு நாளாக என்னிடமும் திட்டுகிறாள். அந்த அளவுக்குச் சமாதானம்.

இன்று ஐந்தாம் நம்பர். ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. எல்லோரும் முடித்து மேலே உட்கார்ந்துவிட்டார்கள், நான் இன்னும் கால்வாசியில் நின்றேன். தலையைக் குனிந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப் பக்கம் கத்திரிச் சத்தம். நிமிர்ந்தால் ஆனந்தி. தன் நிரையை முடித்துவிட்டு, என் நிரையின் மறுமுனையிலிருந்து எடுத்துக்கொண்டே வருகிறாள். நடுவில் சந்தித்தோம். அவள் எடுத்த கொழுந்தை என் சாக்கில் கொட்டினாள்.

"நேரமாச்சு, வாங்க."

எடையில் முப்பத்தொரு கிலோ. "தெய்வாதீனமாக" என்று எழுத ஆரம்பித்தேன். அதை அடித்துவிட்டு எழுதுகிறேன்: முப்பத்தொன்றில் பாதி ஆனந்தி எடுத்தது.