நிலவில் ஒரு பிராக்ஸி

மே 10, சனி, காலை

நிலவுப் பயிற்சி ஆய்வகம். எழுதுபவர்: இசக்கியம்மாள், இறுதியாண்டு மாணவி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. சோதனைத் தொட்டியில் பாசிப்பயறு உயிரோடு இருக்கிறது.

கடைசி செமஸ்டர் முடிந்தது. ஜெசிந்தாவும் இரண்டு பையன்களும் நேற்றே பூமிக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் ஏறவில்லை. பயறு பூக்கட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை சரக்குக் கப்பலில் தொற்றிக்கொள்கிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். எங்கள் பேராசிரியர் வாசுகி மேடத்துக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார்.

பயறு ஒரு சாக்கு. கீழே இறங்கினால் நான் மாணவி இல்லை. அப்புறம் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

மே 11, ஞாயிறு, காலை

ஆய்வகத்தை நடத்தும் இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வார்டன். தினமும் பெயர் கூப்பிட்டு வருகை எடுக்கும். இன்று என் பெயர் மட்டும். "பிரசன்ட்" என்றேன். கூடம் முழுக்க என் குரலே திரும்பி வந்தது. நான்கு பேர் அடித்துக்கொண்ட மேசையில் தனியாக உட்கார்ந்து உப்புமா தின்றேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மே 12, திங்கள், மாலை

பயறு பூத்துவிட்டது! மஞ்சள் பூ, மூக்குத்தி அளவு. காட்டத்தான் ஆள் இல்லை.

மூன்று நாளாக நானே எழுந்து, நானே சமைத்து, அடைத்த குழாயை நானே சரிசெய்தேன். யாரும் அதட்டவில்லை. கீழேயும் இதுதானே? வாடகைக்கு ஒரு அறை, ஒரு குக்கர், காலையில் யாரும் பெயர் கூப்பிடாத வாழ்க்கை. என்னால் முடியும். வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கிறது.

மே 13, செவ்வாய், காலை

ஜெசிந்தாவின் செய்தி:

"ஏட்டி இசக்கி, பத்திரமா எறங்கிட்டோம். எறங்குன ஒடனே எல்லா காலேஜ் பிள்ளைகளையும் ஒரே ஹால்ல நிறுத்தி அட்டென்டன்ஸ் எடுத்தாவ. நீ வரலன்னு தெரிஞ்சா டிகிரி போயிரும்லா? ஒம் பேருக்கு நானே கொரல மாத்தி பிரசன்ட் சொல்லிட்டேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. வெள்ளிக்கிழம பிரியாணியோட நிக்கேன், வா."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் தூங்கிய காலைகளில் அவள் பெயருக்குப் பிரசன்ட் சொல்லி நான் கொடுத்த பிராக்ஸி கொஞ்சமா!

அதே நாள், மதியம்

வார்டன் இன்று பெயர் கூப்பிடவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. காரணம் கேட்டேன்.

"ஆய்வகம் காலி. அனைவரும் பூமியில் வருகை பதிந்துவிட்டார்கள். சரக்குக் கப்பல் ரத்து. காற்று உற்பத்தி நிறுத்தப்பட்டது."

நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தினேன்.

"இசக்கியம்மாள் பூமியில் இருக்கிறார். ஒருவருக்கு இரண்டு இடத்தில் வருகை கிடையாது."

பூமியைக் கூப்பிட ஓடினேன். ஆண்டெனாவையும் வார்டன் மடக்கிவிட்டது.

மே 14, புதன்

இருட்டு. குளிர். டார்ச் வெளிச்சத்தில் கையால் எழுதுகிறேன். வார்டனின் மின்பெட்டியை உடைத்துப் பார்த்தேன், விரல் கிழிந்ததுதான் மிச்சம். காற்று நாளை வரை வரும். ஜெசிந்தா வெள்ளிக்கிழமைதான் தேடுவாள். பிரசன்ட், பிரசன்ட் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வார்டன் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டது. அம்மாவிடம் பேச வேண்டும்.

மே 15

தலை கனக்கிறது. வரி கோணுகிறது. பயறு பிஞ்சு விட்டிருக்கிறது, மிச்சத் தண்ணீரை அதற்கே ஊற்றினேன்.

இதை எடுப்பவருக்கு. ஜெசிந்தாவைத் திட்டாதீர்கள். ஆசையாகத்தான் செய்தாள். வாசுகி மேடம், கீழே இறங்கி வாழ நான் தயாராகிவிட்டேன். நிஜமாகவே.

ஜெசி, பட்டமளிப்பு விழாவில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். இந்த முறை நீ பதில் சொல்லாதே. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கட்டும். அப்போதாவது யாராவது என்னைத் தே