நாவல் மரத்தை மிரட்டினோம்

12-4-68, வெள்ளி

காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்பார்கள். இவர் இன்று கோடரியோடு நாவல் மரத்தடியில் நின்று, "எட்டு வருசமா பூக்கக்கூட இல்ல, வெட்டிரவா?" என்று கத்தினார். "விட்டுருங்க, அடுத்த வருசம் காய்ச்சிரும்" என்று நான் கெஞ்ச வேண்டும். அதுதான் வழக்கம். எனக்கோ இத்தனை வருடம் சுமந்து ஊற்றிய குடங்கள்தான் நினைவுக்கு வந்தன. அலுப்பில் பேசாமல் நின்றேன். கோடரி இறங்கிவிட்டது.

விழுந்த கிளையில், இலை மறைவில், கொத்துக் கொத்தாகப் பச்சை மொட்டு.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார் இவர்.

மற்ற கிளைகளை நான் அண்ணாந்து பார்க்கவில்லை. மொட்டு இருந்தாலும் நாளைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். இல்லாவிட்டாலும் சுமக்க வேண்டும்.