கல்பாசிக்குக் காத்திருந்தவனுக்கு

மும்பை செம்பூரில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். தலைச்சாயம் குழைத்துக்கொண்டு வந்த கடைக்காரர், "கொஞ்சம் எரியும் சார், அமோனியா இருக்கு" என்றார். கிண்ணம் பக்கத்தில் வந்ததுமே அந்த நெடி மூக்கில் ஏறியது. உன் ஞாபகமும் வந்தது. நீ இருந்திருந்தால், "நரைய மறைக்கியோல? யாரு பாக்கப் போறா?" என்று கடை அதிரச் சிரித்திருப்பாய். இப்போது என்னைக் கேலி செய்ய ஆளில்லை. தைரியமாகப் பூசிக்கொள்கிறேன்.

அம்பர்நாத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த நம் காட்டிலும் ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசினால் இதே நெடிதான் அடிக்கும். மரங்களுக்கு அடியில் புனல் வைத்த பாட்டில்களில் மழைநீரைப் பிடித்து, அதில் எவ்வளவு நைட்ரஜன் இறங்குகிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது நம் இருவரின் வேலை. ஆலைகளும் வண்டிகளும் காற்றில் விட்டதெல்லாம் மழையோடு சேர்ந்து காட்டில் விழுந்துகொண்டிருந்தது.

யூரியாவில் இருப்பதும் நைட்ரஜன்தான் என்பதால் பலருக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. செம்பூரிலிருந்து மரம் நட வந்த குழு, காட்டின் கரும்பச்சையைப் பார்த்துப் பூரித்துப்போனது. கன்றுகள் இன்னும் வேகமாக வளரட்டும் என்று ஆளுக்கொரு கைப்பிடி யூரியாவும் போட்டார்கள். நீ ஓடிப்போய்த் தடுத்தாய். "அண்ணாச்சி, மேலேருந்தே உரம் விழுதுல்லா! இதுவும் எதுக்கு?" அவர்களில் பெரியவர் ஒருவர், "பச்சையா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதா சார்?" என்று கேட்டார். கன்றுகள் நெடுநெடுவென்று உயர்ந்தன. வேர் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஜூலைக் காற்றில் பாதிக்கு மேல் சாய்ந்தன; மீதியைப் புல்லும் கொடியும் மூடிவிட்டன.

நீ இலையை அதிகம் பார்க்கமாட்டாய். மரப்பட்டையைத்தான் தடவுவாய். தாராவியில் உன் அப்பா மசாலாக் கடை வைத்திருந்தார். கறிக்குழம்புக்குப் போடும் கல்பாசி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நீ. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சாம்பல் நிறக் கல்பாசி அங்கே மரத்துக்கு மரம் படர்ந்திருந்தது. மழையில் நைட்ரஜன் ஏற ஏற அது உதிர்ந்துபோய், பட்டையெல்லாம் மஞ்சள் பொடியாக வேறொரு பாசி பிடித்தது. "காடு சரியாச்சான்னு மழைத்தண்ணியக் கேக்காத. இதக் கேளு" என்பாய்.

பிறகு ஆலைப் புகைக்கு அரசின் கெடுபிடி வந்தது. சில ஆலைகள் புகைக்கு வடிகட்டி போட்டன, சில மூடிக்கொண்டு போயின. மழைநீர் தெளிந்தது. அலுவலகத்தில் பேடா கொடுத்தார்கள். காடு மீண்டுவிட்டது, அளந்தது போதும் என்று அதிகாரி கோப்பை மூடப் பார்த்தார். நீ மட்டும் எழுந்து நின்றாய்.

"மேல விழுறது கொறஞ்சிருக்கு சார், சரி. இத்தன வருஷமா மண்ணுக்குள்ள போய்ச் சேந்தது எங்க போகும்?"

"சரி, எப்ப மீளும்? ஒரு வருஷத்தைச் சொல்லுங்க."

"தெரியாது சார்."

உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்தப் பதிலோடு போயிற்று என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில் நான் திட்டினேன். "ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே." நீ வடாபாவைக் கடித்துக்கொண்டே, "காடு எங்கிட்டச் சொல்லலையேல" என்றாய். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அளக்கும் வேலை நிற்கவில்லை.

கல்பாசி திரும்புவதை நீ பார்க்கவேண்டும் என்பதுதான் நம் இருவருக்கும் கணக்காக இருந்தது. உன் நெஞ்சுவலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதன்பின் நான் தனியாகப் போய் வருகிறேன். உன் சண்டையும் என் தலையில் விழுந்தது. எனக்குச் சண்டை வராது என்று உனக்குத் தெரியும், இப்போது வருகிறது. போன மாதம்கூடப் புதிய அதிகாரியிடம், நைட்ரஜனால் மண்ணில் ஏறிய அமிலப் புளிப்பு இன்னும் குறையவில்லை, புல் இன்னும் கன்றுகளை அமுக்குகிறது, மூட முடியாது என்று குரலை உயர்த்திச் சொன்னேன். முனகிக்கொண்டே இன்னொரு மழைக்காலத்துக்கு அனுமதி கொடுத்தார்.

அந்த அனுமதியில்தான் போன வாரம் போனேன். ஓடைக்கு மேலே இருக்கும் கருமருது மரத்தின் பட்டையில் நகத்தளவுக்கு ஒரு சாம்பல் திட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கல்பாசிதான். ஒன்றே ஒன்று, இதை வைத்துக் காடு மீண்டுவிட்டது என்று எழுதமாட்டேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம், உன் மேல். ஆளில்லாத காட்டில், மழையில் நனைந்துகொண்டு, வாய்விட்டே கேட்டேன்: இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதாடா?