பப்பாளித் தோட்டம் என் கையால் போகவில்லை

வீட்டுக்காரருக்குச் சந்திரம்மாவின் வணக்கம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? பேத்திக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவும்போது ஒரு பப்பாளிச் செடியைப் பார்த்தேன். நம் தோட்டத்தில் வந்த அதே வளையப் புள்ளி. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான், பயப்படாதீர்கள். இங்கே படிக்கிற மமதா ஓடி வந்தாள். என்னைப் பாட்டி முறை வைத்து 'அஜ்ஜி' என்றுதான் கூப்பிடுவாள்.

"இதை நட்டது யாரும்மா?" என்றேன்.

"யார் நட்டா என்ன அஜ்ஜி? இது வைரஸ். தோட்டத்துல அசுவினிப் பூச்சி கொண்டாரும். உள்ள போனதும் செடியை வெச்சே பாலிமரேஸ்னு ஒரு ஆளைச் செஞ்சுக்கும். பிள்ளையார் பொம்மைக்கு அச்சு எடுக்கறாங்கல்ல? அந்த மாதிரி அவன் வைரஸுக்குத் தலைகீழா ஒரு அச்சு எடுத்து, அதுல இருந்து புதுசு புதுசா வார்த்துத் தள்ளுவான்."

"கைராசி இல்லாதவ நட்டா?"

"கைராசியெல்லாம் வைரஸ் பாக்காது அஜ்ஜி."

நம் தோட்டம் பட்டுப்போன அன்று உங்கள் அண்ணன் முனிராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இவ கை பட்டுத்தான் தோட்டமே போச்சு" என்று ஊர் கேட்கச் சொன்னார். நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். இரண்டையும் நான் மறக்கவில்லை.

ஆடியில் புதுக் கன்று நட என்னைக் கூப்பிடக் கூடாது என்றாராமே. கூப்பிடாமலே வருவேன். முதல் கன்றை நான்தான் நடுவேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டுக் கேழ்வரகு மாவும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். இங்கே போர்வை இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். குழியை மட்டும் வெட்டி வையுங்கள். இந்த முறை என் பக்கத்தில் நில்லுங்கள்.

சந்திரம்மா