மச்சான், கேக்குதா?

3-8-1976

பெரிய முதலியார்சாவடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் தன் ஊருக்கே திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு, மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அவருடைய டேப் ரிக்கார்டர் மேல் எனக்கு ஒரு கண். அது ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. அட்டைப்பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே இரண்டு சாமான்கள்: மேசையில் வைக்கிற பெட்டி ஒன்று, கையில் பிடித்துப் பேசுகிற செட் ஒன்று. சி.பி. ரேடியோவாம். அவர்கள் ஊரில் லாரிக்காரர்கள் ஓட்டிக்கொண்டே பேசிக்கொள்வார்களாம்.

கேட்கிற ரேடியோவைப் பதினாலு வருஷமாகத் திறந்து மூடுகிறேன். பேசுகிற ரேடியோவை இன்றுதான் தொட்டேன்.

இங்கே இதற்கு சர்க்கார் அனுமதி வேண்டும் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு, காசைக் கொடுத்து இரண்டையும் வாங்கி வந்தேன்.

8-8-1976

கை செட் பரவாயில்லை. பெட்டிதான் செத்துக் கிடக்கிறது. இந்த உப்புக் காற்றில் எது பிழைக்கும்? திருகாணிகள் துருவோடு ஒட்டிவிட்டன. மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து கழற்றினேன். உள்ளே கம்பியெல்லாம் பச்சைப் பூசணம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். இரண்டு கண்டன்சர் உப்பியிருக்கிறது. புதிது வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும்.

வாடிக்கைக்காரர்களின் ரேடியோ ஏழு அப்படியே கிடக்கிறது.

13-8-1976

உயிர் வந்துவிட்டது! பேச்சுக்கும் கேட்புக்கும் மாற்றிவிடுகிற ரிலே ஒட்டிக்கொண்டிருந்தது, அதுதான் கோளாறு. கை செட்டைக் கடை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே பெட்டியில் "ஒண்ணு, ரெண்டு" என்றேன். வாசலில் என் குரல்.

எவ்வளவு தூரம் போகும்? கடலுக்குப் போகிறவர் யாராவது கொண்டுபோனால்தானே தெரியும்.

16-8-1976

தங்கச்சி அம்சவள்ளியின் வீட்டுக்காரர் சந்தைக்கு வந்தவர், கடைக்கும் வந்தார். பச்சமுத்து மாப்பிள்ளை எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை. கை செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போலீசு கீலீசு ஒண்ணும் சொல்லாதா மச்சான்? இப்ப கரையெல்லாம் கடத்தல் சாமான் தேடிக்கினு வர்றாங்க."

"லைசன்ஸ் இருக்குது மாப்ளே. பேப்பரு என்கிட்டதான் இருக்குது."

எவ்வளவு சுலபமாக வந்தது. வீட்டு ரேடியோவுக்குத் தபாலாபீசில் வாங்கிய லைசன்ஸ் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நினைத்துச் சொன்னதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவா? இல்லை. அந்த ஒரு பொய் இல்லாவிட்டால் அவர் அதை வாங்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்.

20-8-1976

கூரைமேல் மூங்கில் நட்டு ஏரியல் கட்டியிருந்தேன். காலை எட்டு மணிக்குப் பெட்டி கரகரத்தது.

"மச்சான், கேக்குதா? வலையில நல்லா வுழுந்திருக்குது. அம்சாவ கூடையோட கரைக்கு வரச் சொல்லு!"

கடலுக்குள்ளிருந்து! சைக்கிளை எடுத்துக்கொண்டு எக்கியார்குப்பத்துக்குப் பறந்தேன். அம்சவள்ளி நம்பவில்லை. கூடையோடு வந்து நின்றாள். படகும் வந்தது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு!

24-8-1976

கடை திறக்கவில்லை. எழுத முடியவில்லை.

25-8-1976

எழுதிவிட வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

நேற்றுக் காலை ஒன்பது மணி இருக்கும். பெட்டியில் மாப்பிள்ளை குரல். "மச்சான், கரையில போலீசு நிக்குது. வெளியூர் ஆளுங்க. ஒவ்வொரு படகா சோதன பண்றாங்க. நீ அந்தப் பேப்பர எடுத்துக்கினு வா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "மச்சான், கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

நான் சுவிட்சை அணைத்தேன். ஏரியலை இறக்கினேன். பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். கை நடுங்கவில்லை — அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வேலை செய்கிற கை மாதிரி நிதானமாகச் செய்தது.

அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கையில் கம்பியில்லாச் செட், யாரோடு பேசினாய், எந்தக் கப்பலோடு பேசினாய் என்று கேட்டார்களாம். என் பெயரைச் சொல்லியிருந்தால் நேற்றே வந்திருப்பார்கள். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாரா?

27-8-1976

அம்சவள்ளி வந்தாள். ஸ்டேஷனில் ஒரு நிமிஷம் பார்க்க விட்டார்களாம். வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருக்கிறதாம்.

"செட்டு யாருதுன்னு கேட்டு அடிக்கிறாங்கண்ணா. 'சொந்தக்காரரு பேப்பரோட வருவாரு, அவரையே கேட்டுக்குங்க'ன்றாரு. அதையே சொல்லிக்கினு இருக்காரு. பேப்பர குடுண்ணா, நானே எடுத்துக்கினு போறேன்."

காப்பாற்றவில்லை. நம்பிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதாவது நான் சொன்னேனா? "பேப்பரு மெட்ராசுக்குப் போயிருக்குதும்மா, ரெண்டு நாள்ல வந்துடும்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணா, நீ சாப்டியா? ஏன் இப்டி இருக்கே?" என்று கேட்டாள்.

அடப்பாவி. நீயெல்லாம் ஒரு மனுஷனா?

28-8-1976

காலை. பெட்டியை இறக்கிவிட்டேன். முதலில் எக்கியார்குப்பம், அம்சவள்ளியிடம் பேப்பரே கிடையாது என்று சொல்ல வேண்டும். பிறகு ஸ்டேஷன். ஸ்டேஷனை நினைத்தால் பயமில்லை. அவள் வீட்டு வாசலை நினைத்தால்தான் கால் வரவில்லை.

10-10-1976

நாற்பத்திரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு நேற்று வந்தேன். இரண்டு செட்டையும் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை நான் போன மறுநாளே விட்டுவிட்டார்கள்.

அன்று பேப்பரே கிடையாது என்று சொன்னபோது அம்சவள்ளி அழவில்லை, திட்டவுமில்லை. "அப்போ கேட்டிச்சா உனக்கு? அவரு கூப்டது கேட்டிச்சா?" என்றாள். கேட்டது என்றேன். உள்ளே போய்விட்டாள்.

இன்று போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை பாய் போட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வலை இழுக்க அண்ணன் மகன் போகிறானாம். "வுடு மச்சான், ஆனது ஆச்சு" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

2-11-1976

காலையில் கடை வாசலில் பாண்டிச்சேரி பஸ் நின்றது. ஜன்னலோரம் மாப்பிள்ளை. மடியில், துண்டில் சுற்றிய டிரான்சிஸ்டர். கைப்பிடி வெளியே தெரிந்தது. ரிப்பேருக்குத்தான் இருக்கும். இந்த ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை என்னுடையது ஒன்றுதான்.

என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி, மரியாதையாகத் தலையசைத்தார். நானும் கையைத் தூக்கினேன். பஸ் போய்விட்டது.